குழாய்ல எல்லாம் கேக்குதே

இரண்டு வருடமாக ஒரு பேச்சு என் மனதில் கிடந்து உறுத்துகிறது. சொன்னது என் பெரியம்மை. கோபத்தில் சொன்னதில்லை, குறையாகச் சொன்னதும் இல்லை. 2024 பொங்கலுக்கு மறுநாள், திண்ணையில் உட்கார்ந்து அவித்த பனங்கிழங்கை நார் உரித்துக்கொண்டே, மழை பெய்தது வெயில் அடித்தது என்பதைப் போலச் சொன்னார். "நீங்க யாரும் வராததும் ஒரு வகைக்கு நல்லாத்தான் இருந்துச்சு ஐயா. நாப்பது வருசத்துல அன்னைக்குத்தான் கிறிஸ்மஸ் பிரசங்கத்த முழுசாக் கேட்டேன்." சொல்லிவிட்டு அடுத்த கிழங்கை எடுத்தார். நான் கையில் இருந்த கிழங்கைத் தின்னாமல் வைத்துக்கொண்டிருந்தேன்.

எங்கள் ஊர் தூத்துக்குடி மாவட்டம் மெஞ்ஞானபுரத்துக்குப் பக்கம், தேரி என்கிற செம்மணல் மேட்டின் ஓரத்தில் இருக்கிறது. மொட்டைமாடியில் ஏறினால் பனைகளுக்கு மேலே பரிசுத்த பவுல் ஆலயத்தின் 192 அடிக் கோபுரம் தெரியும். ஜான் தாமஸ் ஐயர் கட்டி 1847-ல் பிரதிஷ்டையான கோயில் அது. (எங்கள் பக்கம் போதகரை ஐயர் என்றுதான் சொல்வோம். கல்லூரியில் என் அறைத்தோழன் இதைப் புரிந்துகொள்ள ஒரு வருடம் ஆனது.) எங்கள் ஊர்க் கோயில் அவ்வளவு பெரியதில்லை. ஆனால் கோபுரத்தில் நாலு பக்கமும் குழாய் ஒலிபெருக்கி கட்டியிருக்கும். அந்தக் குழாயைப் பற்றிப் பிறகு சொல்கிறேன்.

தாத்தாவுக்கு ஏழு பிள்ளைகள். பனையேறிக் கருப்பட்டி காய்ச்சிய குடும்பம். அடுத்த தலைமுறை மளிகைக் கடை வைக்க சென்னைக்கும் பம்பாய்க்கும் போனது. அதற்கடுத்த நாங்கள் கண்ட இடத்துக்கும் போய்விட்டோம். மூத்த மகனான பெரியப்பா மட்டும் ஊரில் தங்கினார். 1983-ல் கலியாணமாகி வந்த பெரியம்மையும் அப்படியே தங்கினார். கிறிஸ்துமஸுக்கு மட்டும் எல்லோரும் ஊருக்கு வந்தாக வேண்டும். அது தாத்தா போட்ட சட்டம். தாத்தா போனார், ஆச்சி போனார், பெரியப்பாவும் போனார். சட்டம் மட்டும் போகவில்லை. கடைசியாக எண்ணியபோது நாற்பத்தியொரு தலை.

நாங்கள் சொல்லிக்கொள்ளும் கிறிஸ்துமஸ்

எங்கள் வீட்டுக் கிறிஸ்துமஸைப் பற்றி அலுவலகத்தில் நான் நிறையப் பேசியிருக்கிறேன். கேட்பவர்கள் வாயைப் பிளப்பார்கள். டிசம்பர் முதல் தேதி பனைமட்டையைக் கீறி, வண்ணத்தாள் ஒட்டி, வேப்ப மரத்தில் ஏற்றும் நட்சத்திரம். பாடற்குழு ராத்திரி ஒரு மணிக்குக் கேரல் பாடிக்கொண்டு வாசலுக்கு வரும்போது போர்வைக்குள்ளிருந்து எழுந்து ஓடுவது, அவர்களோடு சுக்குக்காப்பி குடிப்பது. அப்புறம் அந்தச் சட்டை. பெரியப்பா பக்கத்து ஊரான நாசரேத்தின் கடைத்தெருவில் ஒரே பீஸில் மொத்தமாகத் துணி எடுத்து வந்துவிடுவார். ஆண் பிள்ளைகளுக்கெல்லாம் அதில் சட்டை, பெண் பிள்ளைகளுக்கெல்லாம் அதிலேயே பாவாடை. ஒரு வருடம் மஞ்சளில் பச்சைக் கட்டம். கோயிலில் நாங்கள் வரிசையாக உட்கார்ந்திருந்ததைப் பார்த்து, ‘பேண்டு வாத்தியக் கோஷ்டி வந்தாச்சு’ என்று பின்னால் இருந்து யாரோ சொன்னார்கள். டெய்லர் இருபத்திநாலாம் தேதி ராத்திரி பதினொரு மணிக்குத்தான் கடைசிச் சட்டைக்குப் பொத்தான் வைப்பார். அது பெரும்பாலும் என் சட்டையாக இருக்கும்.

கிறிஸ்துமஸ் மரத்து ஏலத்தைப் பற்றித்தான் அதிகம் பேசியிருப்பேன். மரம் என்றால் சவுக்குக் கிளைதான். பண்டிகை முடிந்த கையோடு கோயில் வளாகத்தில் நடக்கும். வீட்டுக்கு வீடு கொடுத்த வாழைத்தார், பூசணி, நாட்டுச்சேவல், கருப்பட்டிச் சிப்பம் எல்லாம் ஏலத்துக்கு வரும். பம்பாய்ச் சித்தப்பாவும் இன்னொரு வீட்டுப் பம்பாய்க்காரரும் ஒரே பூசணிக்காய்க்கு மாறிமாறிக் கேட்பார்கள். பூசணிக்காயா முக்கியம்? யார் கடை பெரிய கடை என்பது முக்கியம். ஒருமுறை சித்தப்பா ஆறாயிரத்துக்கு எடுத்த பூசணியைச் சித்தி குழம்பு வைக்கவே மறுத்துவிட்டார். பம்பாய் வரை தூக்கிக்கொண்டு போவோம், அக்கம்பக்கத்தில் காட்டுவோம் என்றார்.

இப்படிச் சொல்லிக்கொண்டே போகலாம். சொல்லியிருக்கிறேன். ஆனால் அந்தப் பனங்கிழங்கு நாளுக்குப் பிறகு யோசித்தால், நான் சொல்லும் கதையில் சாப்பாடு எப்போதும் ‘வந்தது’. இட்லி வந்தது, கறிக்குழம்பு வந்தது, முந்திரிக்கொத்து டின்னில் ‘இருந்தது’. எல்லா வினைச்சொல்லும் ஆளில்லாமல் நிற்கிறது.

முந்திரிக்கொத்து எப்படி ‘இருக்கும்’ என்று இப்போது எழுதிப் பார்க்கிறேன். பாசிப்பயற்றைப் பச்சை வாசம் போக வறுக்க வேண்டும். கருகினால் கசந்துவிடும். திரித்த மாவில் வறுத்த தேங்காய், எள், ஏலக்காய் சேர்த்து, கருப்பட்டிப் பாகு பதம் வந்ததும் ஊற்றி, சூடு ஆறுவதற்குள் உருட்ட வேண்டும். ஆறினால் உதிரும். கை பொத்துப்போகிற சூட்டில்தான் உருண்டை பிடிபடும். உருண்டைகளை மஞ்சள் போட்ட அரிசிமாவில் முக்கி, மூன்று மூன்றாக ஒட்டினாற்போல் எண்ணெயில் விட வேண்டும். எங்கள் வீட்டுக் கணக்கு எழுநூறு கொத்து. நாற்பத்தியொரு பேர் தின்பது பாதிதான். மீதி தெருவுக்கு. எங்கள் தெருவில் பாதி இந்து வீடுகள். தீபாவளிக்கு அங்கிருந்து அதிரசமும் சுழியனும் வரும், கிறிஸ்துமஸுக்கு இங்கிருந்து தட்டு போகும். கொடுத்த பாத்திரம் வெறுமனே திரும்பி வராது, கொஞ்சம் சீனியாவது போட்டுத்தான் வரும். பெரியம்மையின் டிசம்பரில் பத்து நாள் இதற்கே போகும்.

இருபத்தைந்தாம் தேதியோ விடிகாலை இரண்டு மணிக்கே தொடங்கிவிடும். எங்கள் ஊரில் நாலு மணிக்கு ஆராதனை. மூன்று மணிக்கு முதல் மணி அடிக்கும்போது குழந்தைகளை எழுப்பிக் குளிக்க வைப்பார்கள், புதுத்துணியின் கஞ்சி வாசம், பவுடர் வாசம், யாருடைய சாக்ஸையோ காணோம் என்ற கூப்பாடு. இரண்டாம் மணிக்கு எல்லோரும் வரிசையாகக் கிளம்புவோம். பெரியம்மை புடவை மாற்றாமல் வாசலில் நின்று எங்களை எண்ணி அனுப்புவார். அப்பமும் திராட்சரசமும் கொடுக்கும் திருவிருந்து நேரத்துக்குத் தலையில் முக்காடு போட்டுக்கொண்டு பக்கவாசல் வழியாக வருவார், முழங்கால்படியிட்டு வாங்குவார், போய்விடுவார். நாங்கள் ஆறரை மணிக்கு வீட்டுக்கு வரும்போது இலை போட்டிருக்கும்.

"பெரியம்மை, கோயிலுக்கு வரலையா?" என்று சின்ன வயதில் ஒருமுறை கேட்டிருக்கிறேன். பதில் சொன்னது அவர் இல்லை, பெரியப்பா. "அதான் குழாய்ல எல்லாம் கேக்குதே." அது எங்கள் வீட்டில் ஒரு பழமொழி மாதிரி ஆகிவிட்டது. யாராவது எதற்காவது வர முடியவில்லை என்றால், குழாய்ல எல்லாம் கேக்குதே என்று சிரிப்போம்.

ரயில் இல்லாத டிசம்பர்

2023-க்கு ஆகஸ்டு மாதமே டிக்கெட் எடுத்தாயிற்று. அப்போதெல்லாம் 120 நாளுக்கு முன்பே முன்பதிவு திறக்கும். காலை எட்டு மணிக்கு நாலு ஊரில் நாலு பேர் ஃபோனைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்து செந்தூர் எக்ஸ்பிரஸைப் பிடிப்பதும் எங்கள் குடும்பச் சடங்குகளில் ஒன்றுதான். டிசம்பர் 17, ஞாயிற்றுக்கிழமை மழை பிடித்தது. மறுநாள் காலை வரையான 24 மணி நேரத்தில் காயல்பட்டினத்தில் 95 சென்டிமீட்டர், திருச்செந்தூரில் 69. எங்கள் வறண்ட பக்கத்துக்கு ஒரு முழு வருடத்துக்கான மழை ஒரே ராத்திரியில் கொட்டியது. திருச்செந்தூரிலிருந்து கிளம்பிய அதே செந்தூர் எக்ஸ்பிரஸ் சுமார் 800 பேரோடு ஸ்ரீவைகுண்டத்தில் நின்றுபோனது. அடியில் ஜல்லியே இல்லாமல் தண்டவாளம் அந்தரத்தில் தொங்கிய படத்தை எல்லோரும் பார்த்திருப்பீர்கள்.

பெரியம்மைக்கு நாலு நாள் ஃபோன் போகவில்லை. குடும்ப வாட்ஸப் குழுவில் அந்த நாலு நாளும் யாரும் ஒரு ஸ்டிக்கர்கூடப் போடவில்லை. ஐந்தாம் நாள் பக்கத்து வீட்டு அக்காவின் மகன், சிக்னல் கிடைக்கும் இடம் தேடி நடந்து போய்க் கூப்பிட்டான். தேரி மேட்டில் இருப்பதால் வீடு தப்பியது. பின்கட்டில் அடுப்படி ஓடு மட்டும் சரிந்திருக்கிறது, பெரியம்மை நன்றாக இருக்கிறார். அன்றைக்கே முடிவெடுத்தோம், இந்த வருடம் யாரும் போக வேண்டாம். போவதற்கு ரயிலும் இல்லை. அடுப்படியே ஒழுகுகிற வீட்டில் நாற்பத்தியொரு பேர் போய் என்ன செய்வது? பெரியம்மையிடம் சொன்னபோது, "சரி ஐயா, பத்திரமா இருங்க" என்றார். அத்தை ஃபோனை வைத்துவிட்டு அழுதார். ‘மைனி தனியா எப்படித்தான் இந்த கிறிஸ்மஸக் கழிக்கப்போறாவளோ’ என்று. நாங்களும் அப்படித்தான் நினைத்தோம். தாம்பரத்தில் என் வீட்டில் அன்று கேக் வெட்டும்போது, பாவம் பெரியம்மை என்று நான் ஒரு ஜெபம்கூடச் செய்தேன்.

அந்த ஜெபத்தை நினைத்தால் இப்போது கொஞ்சம் வெட்கமாக இருக்கிறது.

அன்று நடந்ததைப் பெரியம்மை சொன்னது இப்படி. கோயிலில் சீரியல் பல்பு கட்டவில்லை. அந்தக் காசில் தண்ணீர் புகுந்த வீடுகளுக்கு அரிசி வாங்கிக் கொடுத்துவிட்டார்கள். கரண்டு வந்தும் போயும் இருந்ததால் குழாயும் இல்லை. பெரியம்மை இரண்டு மணிக்கு எழுந்தார். பழக்கம். எழுந்து பார்த்தால் செய்ய ஒன்றுமில்லை. வெந்நீர் வைத்து நிதானமாகக் குளித்தார். பெட்டியிலிருந்து பெரியப்பா எடுத்துக் கொடுத்த பழைய பட்டுப்புடவையை எடுத்துக் கட்டினார். முதல் மணி அடிப்பதற்குள் கோயிலுக்குப் போய், பெண்கள் பக்கம் இரண்டாவது வரிசையில் உட்கார்ந்தார். அவர் வந்து உட்கார்ந்ததைப் பார்த்து, கோயில் வேலைகளைப் பார்க்கும் கோயில்பிள்ளை, ‘யம்மா, வீட்ல எதும் பிரச்சனையா?’ என்று கேட்டாராம். இதைச் சொல்லும்போது பெரியம்மை சிரித்தார்.

வீட்டுக்கு வந்தபோது பக்கத்து வீட்டு அக்கா ஒரு தூக்குச்சட்டியில் சுழியன் வைத்துவிட்டுப் போயிருந்தார். உங்க வீட்ல இந்த வருசம் அடுப்பு எரியலைல்லா என்று. ஐந்து சுழியன். அதுதான் அன்றைக்குக் காலைச் சாப்பாடு.

"ஐயர் என்ன பிரசங்கம் பண்ணினார்?" என்று கேட்டேன்.

"மேய்ப்பன்மாரப் பத்தி. ராத்திரி வயல்ல காவல் காத்துக்கிட்டு இருந்தாவள்லா, தேவதூதன் வந்து சொன்னதும் தீவிரமா பெத்லகேமுக்குப் போனாவளாம். நல்லாத்தான் பேசுனாரு." கொஞ்சம் நிறுத்தினார். கிழங்கின் உள்ளே இருக்கும் குருத்தைப் பிரித்து என்னிடம் நீட்டினார். சின்ன வயதிலிருந்தே அது எனக்கு. "எனக்கு ஒண்ணுதான் வெளங்கல. அம்புட்டு பேரும் கெளம்பிப் போயிட்டா, அந்த ஆட்ட யாரு பாத்துக்கிட்டா?"

எனக்குத் தெரிந்து அந்த வசனத்தை நாற்பது கிறிஸ்துமஸில் நாற்பது தடவை கேட்டிருக்கிறேன். ஒருதரம்கூட ஆட்டைப் பற்றி நினைத்ததில்லை.

அக்காவின் பதில்

சென்னைக்கு வந்ததும் பெரியம்மையின் மகளிடம் இதைச் சொன்னேன். அக்கா கலங்குவாள் என்று எதிர்பார்த்தேன். மாறாக எரிச்சல்பட்டாள். "இப்பதான் கண்டுபிடிச்சியாக்கும்?" என்றாள் முதலில். நாங்கள் பிரச்சினையைத் தீர்த்துவிடலாம், நாசரேத்திலிருந்து சமையல் மாஸ்டரைக் கூப்பிடலாம், தலைக்கு இவ்வளவு என்று போட்டால் ஒன்றுமே இல்லை என்று நான் சொல்லிக்கொண்டே போக, அவள் நிறுத்தினாள்.

"இருபத்திநாலாம் தேதி ராத்திரி அடுப்படியில என்ன நடக்கும்னு உனக்குத் தெரியுமா? அம்மா, சித்திமாரு, அத்தைமாரு, நாங்க எல்லாம் ஒண்ணா உக்காந்து தேங்கா திருவிக்கிட்டு, உங்க வீட்டு ஆம்பளைங்களப் பத்திப் பேசிச் சிரிச்ச மாதிரி நான் வருசம் முழுக்கச் சிரிக்க மாட்டேன். எங்க கிறிஸ்மஸ் அங்கதான் இருந்துச்சு. அதப் புடுங்கி மாஸ்டர்கிட்ட குடுத்துட்டு, எங்கள வரிசையில உக்காருன்னு சொல்றதுக்கு நீ யாரு?"

அதற்கு என்னிடம் பதில் இல்லை, இன்றுவரை இல்லை. அவள் சொன்னதும் உண்மை, பெரியம்மை சொன்னதும் உண்மை. இரண்டையும் ஒரே வீட்டுக்குள் எப்படி வைப்பது என்றுதான் தெரியவில்லை. மார்த்தாள் வீட்டு வேலையில் கிடக்க, மரியாள் இயேசுவின் காலடியில் உட்கார்ந்து கேட்ட பைபிள் கதையை யாராவது எடுத்துவிடுவதற்கு முன் சொல்லிவிடுகிறேன், எங்கள் ஊர்ப் பெண்கள் ஐக்கிய சங்கத்தில் அந்தப் பிரசங்கத்தைக் கேட்டுக் கேட்டு எல்லோருக்கும் காது புளித்துவிட்டது. அதைச் சொல்பவர் கூட்டம் முடிந்ததும் எந்த வீட்டில் சாப்பிடப் போகிறார் என்றுதான் அவர்கள் பார்ப்பார்கள்.

கடைசியில் 2024-க்கு ஒரு ஏற்பாடு செய்தோம். பலகாரம், ராத்திரிப் பேச்சு, சிரிப்பு எல்லாம் பழையபடி. இருபத்தைந்தாம் தேதி காலை இரண்டு மணியிலிருந்து ஆறரை வரை மட்டும் அடுப்படி ஆண்கள் வசம். நான், அத்தை மகன் அத்தான், பம்பாய்ச் சித்தப்பா, என் தம்பி. ‘இட்லி அவிக்க எம்.பி.ஏ. வேணுமா’ என்று அத்தான் கேட்டார். வேண்டியிருந்தது.

உண்மையைச் சொல்லிவிடுகிறேன். மாவு ஆட்டிப் புளிக்க வைத்தது பெரியம்மை. கறிக்கு மசாலா அரைத்து வைத்ததும் பெரியம்மை. எந்தப் பாத்திரம் எதற்கு என்று காட்டியதும் அவர்தான். எங்கள் வேலை தீ எரிப்பதும், ஊற்றுவதும், எடுப்பதும். இருநூறு இட்லி. எங்கள் கொப்பரையில் ஓர் ஈட்டுக்கு முப்பது. மழையில் நனைந்த விறகு, ஊதி ஊதிக் கண்ணீர். முதல் ஈடு வேகவே முக்கால் மணி நேரம். சித்தப்பா கறியைக் கழுவிக் கழுவியே கரைத்துவிடுவார் போலிருந்தது. இரண்டாம் மணி அடித்ததும் வாசலில் நின்று எண்ணி அனுப்ப ஆளில்லாமல் நான் ஓடிப்போய் நின்றேன். புடவை மடிப்புக் கலையாமல் பெரியம்மை படி இறங்கினார். "அடுப்ப அணையவிட்றாதீய" என்று மட்டும் சொன்னார்.

நாலு மணிக்குக் குழாயில் பாட்டு தொடங்கியது. பாட்டு நன்றாகவே கேட்டது. அந்த இருட்டில், புகைக்குள் நின்று கேட்க அழகாகக்கூட இருந்தது. பெரியப்பா சொன்னது சரிதானோ என்று ஒரு நிமிடம் தோன்றியது. அப்புறம் பிரசங்கம். கொப்பரையில் தண்ணீர் கொதிக்கும் சத்தம், தேங்காய்க்கு ஓடிய மிக்ஸி, நாலு பக்கக் குழாயும் ஒன்றோடொன்று மோதி வரும் எதிரொலி. "பிரியமானவர்களே" மட்டும் கேட்டது. கொஞ்ச நேரம் இரைச்சல். மறுபடி "பிரியமானவர்களே". அதற்கு முன்னாலும் பின்னாலும் என்ன சொன்னார் என்று ஒரு வார்த்தை பிடிபடவில்லை. மிக்ஸியை நிறுத்தச் சொல்லி, கரண்டியோடு பின்கட்டு வாசல் வரை போய் நின்று பார்த்தேன். அப்போதும் அதுதான். திரும்பி வந்தபோது மூன்றாவது ஈடு அடிபிடித்திருந்தது.

திருவிருந்துக்கு முக்காடோ துண்டோ போட்டுக்கொண்டு நாங்கள் யாரும் ஓடவில்லை. முடியவில்லை. இன்னும் மூன்று ஈடு பாக்கி இருந்தது.

ஏழு மணிக்குத்தான் இலை போட்டோம். இட்லி கொஞ்சம் கல், குழம்பில் உப்பு தூக்கல். அக்கா தன் இலையிலிருந்து ஒரு இட்லியை எடுத்துத் தரையில் தட்டிக் காட்டினாள். பெரியம்மை ஒன்றும் சொல்லாமல் நாலு சாப்பிட்டார், குழம்பில் ஒரு செம்பு வெந்நீர் விட்டுக் கொதிக்க வைக்கச் சொன்னார். எனக்குக் கேட்காமல் இருக்க முடியவில்லை. பக்கத்தில் போய் உட்கார்ந்து, "பெரியம்மை, இன்னைக்கு ஐயர் என்ன பிரசங்கம் பண்ணினார்?" என்றேன்.

விரலை நக்கிக்கொண்டு என்னைப் பார்த்தார்.

"எங்க கேட்டேன்? ஃபேனுக்கு அடியில எடம் கெடச்சுது. நல்லாத் தூங்கிட்டம்லா."